வேலி தாண்டி விழுந்த மாமரம்

பெருமாட்டி
மே 9

அன்பு மகள் யோகப்பிரியாவுக்கு அம்மா சித்ரா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் நலம். நீ நலமா என்று கேட்கவில்லை. எங்களை விட்டுப் போனவர்கள் நலமாகத்தான் இருப்பார்கள்.

என் நம்பரை உன் போனில் தடுத்து வைத்திருக்கிறாய். அதனால்தான் இந்தக் காலத்தில் போஸ்ட் ஆபீசுக்கு நடந்து போய்க் கவர் வாங்கி வந்து எழுதுகிறேன். உன் ஓசூர் முகவரி எப்படிக் கிடைத்தது என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதே. உன் மாமியார் மாராத்தாள்தான் கொடுத்தாள். போன மாசம் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றபடி கேட்டேன். "அம்மிணி வாய் தொறந்து கேட்டீங்களே, அதே போதுமுங்க" என்று சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். நான் சமாதானத்துக்கு வந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டாள். நினைக்கட்டும், நமக்கு வேண்டியது முகவரி.

இப்போது எழுத விஷயம் இருக்கிறது. போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் இங்கே பெருங்காற்று. கணவாய்க் காற்று நமக்குப் புதிதில்லை, ஆனால் இது வேறு மாதிரி. தென்னை மட்டைகள் காகிதம் போலப் பறந்தன. கரண்டு போய் இரண்டு நாள் இருட்டில் இருந்தோம். அந்தக் காற்றில் ஆறுச்சாமியின் மாமரம் வேலியை மடக்கிக்கொண்டு நம் மாட்டுக் கொட்டகை மேல் விழுந்துவிட்டது. எந்த மரம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதன் மறைவில் நின்றுதானே அவன் மகன் சுபீஷோடு பேசிப் பழகினாய். பழகி, ஐப்பசியில் கோயிலுக்குப் போகிறேன் என்று போனவள் ரிஜிஸ்டர் ஆபீசில் மாலையும் கழுத்துமாக நின்றாய்.

கொட்டகை ஓடு எல்லாம் நொறுங்கிவிட்டது. செவலைக்கு இடுப்பில் அடி. படுத்தால் எழுந்திருக்க நாலு பேர் தூக்க வேண்டியிருக்கிறது, பாலும் பாதியாகிவிட்டது. நீ கன்றிலிருந்து வளர்த்த மாடு. அதையாவது நினைத்துப் பார்.

அந்த மரத்தின் கதை உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். முழுதும் கேள். நம் பெரியவர்கள் கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள், அங்கே இந்த வழக்கம் கிடையாது. மலையாளத்துக்காரர்களைப் பார்த்து இங்கே எல்லாரும் பிடித்துக்கொண்டது. வீட்டில் மூத்தவர் போய்விட்டால் அந்த வீட்டு மண்ணில் நிற்கிற மாமரத்தை வெட்டி, அந்தக் கட்டையில்தான் உடம்பை எரிக்க வேண்டும். ஆறுச்சாமியின் அப்பன் செத்தபோது அவர்கள் வாசலில் ஒரு முருங்கைகூட இல்லை. ஆறுச்சாமி நம் வாசலில் வந்து ஒரு மரம் கேட்டு நின்றானாம். அவர்களுக்கு அன்றைக்கும் இன்றைக்கும் நம் வாசல் வரைதானே. என் மாமியார் தரவில்லை. தென்னை மட்டையும் பழைய டயரும் போட்டு எரித்தார்கள் என்று கடைசி வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அதற்குப் பிறகுதான் ஆறுச்சாமி வேலியோரம் இந்தக் கன்றை வைத்தான். தன் சாவுக்கு எவன் வாசலிலும் போய் நிற்கிற மாதிரி வைத்துக்கொள்ள மாட்டேன் என்று சொல்லிச் சொல்லித் தண்ணீர் ஊற்றினான்.

வைத்த மரம் நம் பக்கமாகச் சாய்ந்தது. போன வருசமே சொன்னேன், மரத்தை வெட்டு, இல்லை கிளையையாவது கழி என்று. "அது எனக்குன்னு வெச்சதுங்க அம்மிணி, இப்பவே கத்தி வைக்க மனசு வரலீங்க, இன்னங் கொஞ்ச நாளைக்குத்தானுங்க" என்றான். அவனுக்கு நெஞ்சில் நீர் கோத்து மூச்சு இழுக்கிறது ஊருக்கே தெரியும். "அப்படீன்னா வெரசாப் போய்ச் சேரு ஆறுச்சாமி, என்ற கொட்டாயாச்சும் தப்பிக்கும்" என்றேன். அவன் சிரித்தான். எனக்கு மூத்தவன்தான், ஆனால் நாம் பேர் சொல்லிக் கூப்பிட்டும் அவன் சிரித்தும் பழகிப்போயிற்று.

மரம் விழுந்த மறுநாள் காலையில் மெஷின் வாள்காரனைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றான். துண்டு போட்டு எடுத்துக்கொள்கிறேன், கொட்டகையை நானே கட்டித் தருகிறேன் என்றான். நான் முந்தானையைச் செருகிக்கொண்டு மரத்தின் மேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டேன். வாள்காரன் சிரித்துக்கொண்டே மெஷினைக் கீழே வைத்தான். என் மண்ணில் விழுந்தது என் மரம் என்று சொன்னேன். அப்புறம் நானே ஒரு வழியும் சொன்னேன். "கொட்டாய் கெடக்கட்டும். உம்பையங்கிட்டச் சொல்லி எம்புள்ளையக் கொண்டாந்து இந்த வாசல்ல விடச் சொல்லு. அன்னிக்கே மரத்தத் தூக்கிட்டுப் போ" என்றேன்.

மடங்கிக் கிடந்த வேலிக் கல்லைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் மூச்சு வாங்கினான். "மரம் வேணுமுங்க அம்மிணி. ஆனா அத மட்டும் கேக்காதீங்க. புள்ளைங்க வாழட்டுமுங்க" என்றான். என்ன திமிர் பார். நான் பெற்ற பிள்ளை வாழ்வதற்கு அவன் எனக்குச் சிபாரிசு சொல்கிறான்.

ஆகவே விஷயம் இப்போது உன் கையில். நீ வந்தால் மரம் வேலி தாண்டிப் போகும். வராவிட்டால் இங்கேயே மக்கும். இதோடு கூரியரில் ஒரு பாட்டில் வடுமாங்காய் அனுப்பியிருக்கிறேன், உனக்குப் பிடித்த மாதிரி காரம் தூக்கலாக. வயிற்றுக்குக் குறை வைக்காமல் சாப்பிடு.

ஆசீர்வாதங்களுடன்,
அம்மா


பெருமாட்டி
ஜூன் 16

அன்பு மகள் யோகப்பிரியாவுக்கு,

அம்மாவின் ஆசீர்வாதம். மழை பிடித்துக்கொண்டது. செவலை இப்போது தானாக எழுந்து நிற்கிறாள். உன் அப்பாவுக்கு முட்டிவலி, ஆனால் திருட்டுத்தனத்துக்கு மட்டும் முட்டி நன்றாக மடங்குகிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் நீ. கடிதத்துக்குப் பதில் போடாமல் அப்பாவின் போனில் பேசியிருக்கிறாய். அவர் தென்னந்தோப்புக்குள் நின்று பேசினாலும் முகத்தைப் பார்த்தால் எனக்குத் தெரியாதா? கேட்டதும் கக்கிவிட்டார். "மரத்தக் குடுத்துருங்கப்பா, அம்மாவ நான் வந்து பாத்துட்டுப் போறேன்" என்றாயாமே. வந்து பார்த்துவிட்டுப் போக நான் என்ன ஆஸ்பத்திரியிலா படுத்திருக்கிறேன்? நான் கேட்டது வந்து பார்ப்பது இல்லை கண்ணு, வந்து இருப்பது. உன் கட்டில் போட்ட இடத்தில் கிடக்கிறது. தலையணை உறை போன வாரம் துவைத்தேன்.

ஊறுகாய் வந்து சேர்ந்ததா? அந்த மாங்காய் எந்த மரத்துடையது என்று அப்போது எழுதவில்லை. விழுந்த மரத்தில் கூடை கூடையாகப் பிஞ்சு. வீணாக்க மனசில்லை, எல்லாவற்றையும் பறித்து உப்பில் போட்டேன். சுபீஷும் தொட்டுக்கொண்டானா? அவன் அப்பனைச் சுட வைத்த மரம். ருசியாக இருந்திருக்கும்.

ஆறுச்சாமிக்கு முடியவில்லை. ஆஸ்பத்திரியில் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்களாம். இதெல்லாம் உனக்கு எனக்கு முன்பே தெரிந்திருக்கும், அவர்கள் போனைத்தான் நீ எடுப்பாயே. காலையில் மாராத்தாள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து வேலியோரம் போடுகிறாள். அவன் அதில் உட்கார்ந்து மரத்தைப் பார்க்கிறான். திட்டினால் பரவாயில்லை, அழுதாலும் பரவாயில்லை. ஒன்றும் இல்லை, சும்மா பார்க்கிறான். எனக்குச் சாணி அள்ளக்கூட அந்தப் பக்கம் போகப் பிடிக்கவில்லை.

மழை தொடங்கினதும் யாரையோ விட்டு ஒரு தார்ப்பாய் வாங்கி வந்து, வேலிக்கு மேலாக எட்டி மரத்தின் மேல் போர்த்தினார்கள், கட்டை ஊறிப்போகக் கூடாதென்று. நல்ல புதுத் தார்ப்பாய். நான் அதை உருவிக் கொட்டகைக் கூரையில் கட்டிக்கொண்டேன். கூரையை உடைத்தவனே கூரை கொடுத்தான், கணக்கு சரியாகிவிட்டது. அவன் நாற்காலியில் உட்கார்ந்து அதையும் பார்த்தான். "செவல நனையாம இருக்கட்டுமுங்க" என்றான். எனக்கு வந்த கோபத்துக்குப் பால் வாளியை எட்டி உதைத்தேன்.

உன் அப்பாவின் திருட்டு இதுதான். விடிந்தும் விடியாமலும் எழுந்து போய்ப் பழைய உரச்சாக்குகளைப் பிரித்து மரத்தின் மேல் போர்த்திவிட்டு வருகிறார். நான் எடுத்துப் போடுகிறேன். அவர் மறுபடி போர்த்துகிறார். இருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கல்யாணமாகி இத்தனை வருசத்தில் அவர் என்னை எதிர்த்துச் செய்கிற முதல் காரியம் இது. நீ ஓடிப்போனபோதாவது இந்த வீரத்தைக் காட்டியிருக்கலாம்.

வார்டு மெம்பரும் வந்தாள். "ஒரு மரம் அல்லே சேச்சி" என்று கையைப் பிடித்துக்கொண்டு மலையாளத்தில் கொஞ்சினாள். அவளுக்கு அது வெறும் மரம்தானே. உனக்கு மகள் இருக்கிறாளா என்று கேட்டேன். இரண்டு பையன்கள் என்றாள். அப்படியானால் காப்பி குடித்துவிட்டுக் கிளம்பு என்றேன்.

ஊரில் என்னைக் கல்நெஞ்சுக்காரி என்கிறார்களாம். சொல்லட்டும். ஆறுச்சாமி தன் மகனிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், மரம் அவனுடையது. அவன்தான் சொல்ல மாட்டேன் என்கிறான். உன்னை எனக்குத் திருப்பித் தர மனசில்லாத அளவுக்கு நீ அவனுக்கு வேண்டியவளாகிவிட்டாய். எட்டு மாசத்தில் அவர்களுக்கு அப்படி என்ன செய்தாய்? எனக்கு இருபத்து நாலு வருசத்தில் செய்யாததை?

சீக்கிரம் முடிவு செய். மரத்தில் காளான் பூக்க ஆரம்பித்துவிட்டது. அவனுக்கும் அதிக நாள் இல்லை. ஓசூரில் குளிர் என்கிறார்கள், தலைக்கு ஊற்றினால் நன்றாகத் துவட்டிக்கொள்.

இப்படிக்கு,
அம்மா


பெருமாட்டி
ஜூலை 30

அன்பு மகள் யோகப்பிரியாவுக்கு,

அம்மா எழுதிக்கொண்டது. இந்தக் கவரைப் பார்த்ததும் கிழித்துப் போடத் தோன்றும். கிழிப்பதற்கு முன்னால் ஒருதரம் படி. அன்றைக்கு நடந்ததில் உன் பக்கம் ஒன்று இருக்கும், அதை நீ எல்லாரிடமும் சொல்லியிருப்பாய். என் பக்கத்தைக் கேட்க உன்னை விட்டால் எனக்கு ஆள் இல்லை. உன் அப்பா என்னோடு பேசுவதில்லை.

ஆறுச்சாமி செத்த மறுநாள் காலையிலேயே நீயும் சுபீஷும் வந்து இறங்கினீர்கள். நான் சமையல்கட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இளைத்திருந்தாய். நீ நேராக அந்த வாசலுக்குப் போனாய். போகட்டும், சாவு வீடு, முதலில் அங்கேதான் போக வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அழுகைச் சத்தத்தில் உன் குரல் தனியாகக் கேட்டது.

என் மரம் இல்லாவிட்டால் வேறு எந்த மரமும் வேண்டாம், கேஸ் சுடுகாட்டிலேயே வைத்துவிடுங்கள், யாரும் அந்த வாசலில் போய் நிற்கக் கூடாது என்று ஆறுச்சாமி சொல்லிவிட்டுத்தான் போனானாம். ஆனாலும் நீ வந்தாய். நம் வாசலில் அவன் தன் அப்பனுக்கு மரம் கேட்டு நின்ற அதே இடத்தில் நின்றாய். "அம்மா, மாமாவுக்கு அந்த மரத்தக் குடுத்துரு. நான் இங்கயே இருந்துக்கறேன்" என்றாய். அந்த வார்த்தையை மறுபடி சொல்லச் சொன்னேன். மறுபடியும் சொன்னாய். சாவு வீட்டிலிருந்து வந்தவளுக்குத் தலைக்குத் தண்ணீர்கூட ஊற்றாமல் உள்ளே கூட்டிப் போய் உட்கார வைத்தேன். தீட்டாவது ஒன்றாவது. சுடுசோறு போட்டு, நீ சாப்பிட்டு முடிப்பதற்குள் அவர்களை வந்து மரத்தை எடுக்கச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

சொல்லத்தான் வந்தேன் கண்ணு. இதை நீ நம்ப வேண்டும். வேலி வரைக்கும் போனேன். அங்கே சுபீஷ் நின்றிருந்தான். அவன் மரத்தைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. நம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்பன் பிணமாகக் கிடக்கும்போது ஒருத்தன் பெண்டாட்டி போன கதவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான் என்றால், அவன் உன்னை விடப்போவதில்லை. மரத்தைக் கொடுத்தால் சாம்பல் ஆறுவதற்குள் நீ அவன் பின்னால் போய்விடுவாய். அப்புறம் என்னிடம் மரமும் இல்லை, மகளும் இல்லை. நான் திரும்பி வந்து கதவுக்கு வெளித்தாழ்ப்பாள் போட்டேன்.

அவர்கள் கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். மாராத்தாள் இரண்டு தரம் நம் பக்கம் எட்டிப் பார்த்தாள். பிறகு ஆம்புலன்ஸ் வந்தது. சுபீஷ் கொள்ளிச்சட்டி தூக்க வேண்டியவன், ஏறித்தானே ஆக வேண்டும். நீ கதவைத் தட்டினாய். மழையில் எனக்குக் கேட்கவில்லை என்று அன்றைக்குச் சொன்னேன். கேட்டது. "அம்மா, மாமா போறாரும்மா" என்றது எல்லாம் கேட்டது. நான் செவலையின் பக்கத்தில் நின்று அவள் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தேன். வண்டி போன பிறகும் நீ தட்டிக்கொண்டிருந்தாய்.

உன் அப்பா எங்கே போனார் என்று அப்போது எனக்குத் தெரியாது. அரிவாளால் அந்த மரத்தில் ஒரு கிளையை வெட்டித் தோளில் போட்டுக்கொண்டு, யாரோ ஒருவன் பைக்கில் ஏறிச் சுடுகாட்டுக்கே போயிருக்கிறார். கேஸ் சுடுகாட்டில் மரக்கட்டைக்கு என்ன வேலை? உள்ளே வைக்க முடியாது பெரியவரே என்று அங்கிருந்த ஆள் சொல்லிவிட்டான். எல்லாம் முடியும் வரை அதைத் தோளிலிருந்து இறக்காமல் நின்றாராம். அப்படியே திரும்பி வந்து, நனைந்த கோழியாக, கட்டையும் தோளுமாகத் தாழ்ப்பாளைத் திறந்தார். நீ வெளியே வந்தாய். அந்தக் கட்டையைத் தொட்டுக் கும்பிட்டாய். என்னைப் பார்க்கவில்லை. நான் போட்ட சோறு போட்டபடி இருந்தது, ஒரு கவளம்கூட எடுக்கவில்லை.

நீ பேசாமல் போனது எனக்குச் சுட்டது யோகா. திட்டிவிட்டுப் போயிருக்கலாம். உன் மாமனாரிடம் கற்றுக்கொண்டாய் போலிருக்கிறது.

மறுநாள் உன் அப்பா ஸ்க்ரூ டிரைவரை எடுத்துத் தாழ்ப்பாளைக் கழற்றிக் கிணற்றில் போட்டுவிட்டார். உள்பக்கம், வெளிப்பக்கம் இரண்டையும். காற்றடித்தால் கதவு தானாகத் திறந்து மூடுகிறது. அந்தக் கிளை வாசலில் சாத்தி நிற்கிறது, எடுக்க விட மாட்டேன் என்கிறார். மாராத்தாள் வேலிப் பக்கம் வருவதில்லை. அந்தப் பிளாஸ்டிக் நாற்காலி மட்டும் போட்ட இடத்தில் இருக்கிறது. மழைத்தண்ணீர் தேங்கிக் காக்காய் குளிக்கிறது. யாராவது எடுத்து உள்ளே போட்டால் தேவலை.

இனி மரத்தின் விஷயம். நீ திரும்பி வரப்போவதில்லை என்று தெரிந்துவிட்டது. மரத்தை வைத்துக்கொண்டு நான் பேரம் பேச ஆளும் இல்லை. அதனால் வாள்காரனைக் கூப்பிட்டு ஆள் நீளத்துக்குத் துண்டு போட வைத்தேன். அன்றைக்குச் சிரித்தவன் இந்தத் தரம் சிரிக்கவில்லை. கொட்டகைக்கு ஓடு மாற்றியாயிற்று. கட்டையைக் கூரைக்குக் கீழே அடுக்கி, ஆறுச்சாமியின் தார்ப்பாயையே மேலே போர்த்தியிருக்கிறேன். இப்போது உன் அப்பா திருட்டுத்தனமாகப் போர்த்த வேண்டியதில்லை.

அது எனக்கு. பக்கத்து வீட்டு மரம் ஆகாது என்று யாராவது சொன்னால், சித்ராவின் மண்ணில் விழுந்தது சித்ராவின் மரம் என்று சொல். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, பயப்படாதே. பயப்படுவாயா என்றும் தெரியவில்லை. பங்காளி வீட்டுப் பையன்கள் கொள்ளி வைக்க நான் முந்தி நீ முந்தி என்று வருவார்கள். ஒருத்தனையும் அண்ட விடக் கூடாது, மகள் வரும்வரை என்னைப் போட்டு வையுங்கள் என்று உன் அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். காதில் விழுந்ததோ இல்லையோ, முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். மாமனாருக்காக ராத்திரி பஸ்ஸில் ஏறி வந்தாய். எனக்கும் ஒரு பஸ் இருக்கும்.

அப்படி வரும்போது சுபீஷும் வந்தால் வரட்டும். வாசலில் நிற்கட்டும். நீ மட்டும் உள்ளே வா. கதவைத் தள்ளினாலே போதும், தாழ்ப்பாள் இல்லை.

நல்லபடியாக இரு சாமி. வேளைக்குச் சாப்பிடு, மழையில் நனையாதே. உன் உடம்புக்கு ஒரு குறையும் வரக் கூடாது. என்னை எரிக்கவாவது நீ நல்லபடியாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற
அம்மா